ரோட்டுக்கு மேற்கே ஒரு வெள்ளை வல்லூறு

ஹாலா லேக், மினசோட்டா
டிசம்பர் 23

அன்பு மகள் கைசாவுக்கு அம்மா எழுதுவது. நானும் உன் அப்பாவும் இங்கே சௌக்கியம், என் மூக்கு நுனியைத் தவிர. அது சனிக்கிழமைக் குளிரில் வெளுத்து, அப்புறம் சிவந்து, இப்போது தோல் உரிந்துகொண்டிருக்கிறது. அதற்காக எனக்குத் துளி வருத்தமும் இல்லை, ஏன் என்று படித்துக்கொண்டே வந்தால் தெரியும். நீயும் மாப்பிள்ளை டேனும் அந்த நியூசிலாந்து வெயிலில் நல்லபடியாக இருக்கிறீர்களா, தொப்பி போடாமல் கடற்கரையில் சுற்றாதே, உன் தோல் எங்கள் தோல், அரை மணி நேரத்தில் வெந்துவிடும். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் சொன்னால் உன் அப்பா பக்கத்து அறையிலிருந்து நேரத்தையும் தூரத்தையும் திருத்திக்கொண்டே இருப்பார், நான் கதையை விட்டுவிட்டு அவரோடு சண்டைக்குப் போவேன். காகிதத்தில் நான் சொன்னதுதான் சட்டம். எழுத்து கோணல்மாணலாகப் போனால் பொறுத்துக்கொள், மூன்று நாளாக எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

முதலில் வீட்டுச் செய்தி. சௌனா நீராவிக் குளியலறைக்குப் புது அடுப்பு வைத்தாயிற்று, பழையதைவிட இரண்டு மடங்கு சூடு, உன் அப்பா முதல் நாள் நான்கே நிமிடத்தில் வெளியே ஓடிவந்தார். அவர் முழங்கால் பரவாயில்லை, ஆனால் பனி அள்ளும்போது முனகுகிறார், அள்ளாதே என்றால் கேட்பதில்லை. டார்லீன் தன் முடிதிருத்தும் கடையை இன்னும் வாரத்தில் நான்கு நாள் திறக்கிறாள், ஊர் வம்பு அத்தனையும் அங்கேதான் உற்பத்தி. நீ அனுப்பிய கம்பளிச் சாக்ஸ் வந்து சேர்ந்தது, சனிக்கிழமை அதைத்தான் போட்டிருந்தேன், அதற்கு ஒரு முத்தம்.

இனி பறவைக் கணக்கெடுப்புக்கு வருகிறேன். போன வருடம் நடந்ததை நான் உனக்கு முழுதாகச் சொல்லவே இல்லை, நீ கேட்டபோதெல்லாம் பேச்சை மாற்றினேன். இப்போது சொல்லலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய சனிக்கிழமை, ஊரைச் சுற்றிப் பதினைந்து மைல் அகல வட்டத்தை ஏழு பகுதியாகப் பிரித்துக்கொண்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை கண்ணில் பட்ட பறவையை எல்லாம் எண்ணுவோம் அல்லவா, போன வருடம் ஐந்தாம் பகுதியில், வைக்கோல் வயலின் வேலிக் கம்பத்தில் ஒரு பனி ஆந்தையைக் கண்டேன். நல்ல வெள்ளை. தலையைத் திருப்பியதைப் பார்த்தேன், சத்தியம். கணக்கெடுப்பை நடத்துகிற உன் அப்பாவுக்குப் போன் போட்டேன், நிச்சயமா என்று கேட்டார், நிச்சயம் என்றேன். பதினோரு கார் வந்தது. நாற்பது நிமிடம் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தோம். உன் அப்பாவோடு சேர்ந்து எண்ணுகிற ஆர்வோ டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து, "வயசான ஆண், அதான் இவ்வளவு வெள்ளை" என்று வயது வரைக்கும் சொல்லிவிட்டான். அப்புறம் காற்று அடித்தது, ஆந்தை புஸ்ஸென்று உப்பியது, வயிற்றில் மளிகைக்கடைப் பெயர் தெரிந்தது. பிளாஸ்டிக் பை, கைசா. வயதைச் சொன்ன ஆர்வோவைப் பார்த்து ஒருத்தரும் சிரிக்கவில்லை, முதலில் கண்ட என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அந்த நாளிலிருந்து நான் பை ராணி. "என்ன பை ராணி, கடைக்குக் கிளம்பிட்டியா, ஆந்தை பாக்கக் கிளம்பிட்டியா?" என்று ஆர்வோ தபாலாபீஸ் வாசலில் வைத்துக் கேட்பான். என் பிறந்தநாளன்று நம் தபால் பெட்டியில் வெள்ளைப் பை ஒன்று கட்டியிருந்தது, அதில் மார்க்கரால் இரண்டு கண் வரைந்திருந்தது, அதுவும் ஆர்வோ வேலைதான். அதற்கு நானே சிரித்துவிட்டேன் என்பது வேறு விஷயம்.

ஆர்வோ சிரித்தது எனக்கு வலிக்கவில்லை. உன் அப்பா சிரிக்காததுதான் வலித்தது. நவம்பர் கூட்டத்தில், நாற்பத்தொரு வருடமாகப் படிப்பதுபோல, யாருக்கு எந்தப் பகுதி என்று எழுந்து நின்று படித்தார். ஐந்தாம் பகுதிக்குப் பெர்க் தம்பதி பேரைப் படித்தார். கடைசியில், தலையைத் தூக்காமல், "நாலாவது தெரு, சமையலறை ஜன்னல், சைமா" என்றார். சமையலறை ஜன்னல்! கால் உடைந்தவர்களும் கைக்குழந்தைக்காரிகளும் வீட்டுக்குள் உட்கார்ந்து, தீனிப் பெட்டிக்கு வரும் குருவியை எண்ணுவார்களே, அந்த வேலை. இருபத்தாறு வருடம் ஐந்தாம் பகுதியை நடத்தியவள் நான். காரில் வரும்போது ஏன் என்று கேட்டேன், "ஜன்னலுக்கும் ஆள் வேணும்ல" என்றார், அத்தோடு பேச்சு முடிந்தது. ஊர் என் கண்ணை நம்பாவிட்டால் போகட்டும், பக்கத்தில் படுத்து எழுகிறவர் நம்பவில்லையே என்று ஒரு மாதம் எனக்குச் சோறே இறங்கவில்லை. இந்த வருடமும் ஒருமுறை சிரித்தார்கள் என்றால் பைனாகுலரை உனக்குப் பார்சல் கட்டிவிடுவது, இனி ஜென்மத்துக்கும் கணக்கெடுப்புக்குப் போவதில்லை என்று மனதுக்குள் முடிவு கட்டியிருந்தேன். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெர்க் வீட்டிலிருந்து போன். இரண்டு பேருக்கும் வாந்தி பேதி. உன் அப்பா போனை வைத்துவிட்டு, சுவரில் மாட்டிய வட்ட வரைபடத்தைப் பார்த்து, "அஞ்சாம் பகுதிக்கு ஆளே இல்ல" என்றார், வரைபடத்திடம் சொல்வதுபோல. நான் ஃப்ரிட்ஜைப் பார்த்து, "எனக்கு நாளைக்கு ஜன்னல் வேலை இருக்கு" என்றேன். ஐந்து நிமிடம் இரண்டு பேரும் சாமான்களோடு பேசிக்கொண்டிருந்தோம். அப்புறம் அவர், "டார்லீனும் கூட வந்தான்னா நீயே போயேன்" என்றார். டார்லீன் எதற்கு என்று எனக்குத் தெரியாதா, நான் எதையாவது பார்த்தால் சாட்சிக்கு. ரோஷத்தில் மாட்டேன் என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் ஐந்தாம் பகுதி என்றதும் என் கால் தானாகவே பூட்ஸைத் தேடியது, என்ன செய்ய.

சனிக்கிழமை விடியும்போது மைனஸ் இருபத்தெட்டு. இறைச்சி வைத்து மடித்த பேஸ்டி ஆறு சுட்டு, சூடு ஆறாமலிருக்க ஆளுக்கு ஒன்றைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். டார்லீன் வாய் ஓயாமல் பேசினாலும் கண் கூர்மை. பத்தரை மணிக்குள் அண்டங்காக்கை பதினாறு, சிக்கடிக் குருவி முப்பத்தொன்று, மரங்கொத்தி இரண்டு, சாம்பல் ஜே நான்கு, அதில் ஒன்று டார்லீன் கையிலிருந்தே பேஸ்டி ஓரத்தைப் பிய்த்துக்கொண்டு போனது. "அடப்பாவி, ஒரு வார்த்தை கேட்டிருந்தா பாதியே குடுத்திருப்பேனே" என்று அதைத் துரத்தினாள். பதினொன்று பதினெட்டுக்கு வண்டியை நிறுத்தச் சொன்னாள், மூன்று கப் காபி குடித்ததன் பலன். கிழக்கு ஓர ரோட்டில் நிறுத்தினேன். முழங்கால் பனியில் நீந்தி ஸ்ப்ரூஸ் மரங்களுக்குப் பின்னால் போனாள். அவள் போட்டிருந்த உடுப்பை எல்லாம் அவிழ்த்து மாட்டப் பத்து நிமிடமாவது ஆகும். நான் வண்டியிலிருந்து இறங்கி நின்றேன்.

ரோட்டுக்கு மேற்கே, மின்கம்பத்து உச்சியில், வெள்ளையாக ஒன்று. நான் என்ன செய்தேன் தெரியுமா, திரும்பி அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். கடவுளே மறுபடியும் பையா, நான் பார்க்கவே இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று. அப்படி எத்தனை நேரம் நிற்க முடியும். மெதுவாகத் திரும்பிப் பைனாகுலரைத் தூக்கினேன். அது என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. கருத்த பெரிய கண், மஞ்சள் கால், பால் வெள்ளை உடம்பு, இறக்கையில் மட்டும் மை தெளித்தாற்போல் சில புள்ளி. துருவத்து வெள்ளை வல்லூறு. நம் வட்டத்தில் இந்த நாற்பத்தொரு வருடத்தில் யாரும் பார்த்ததில்லை. உன் அப்பா இந்தப் பறவைக்காக ஐந்து தடவை டுலூத் துறைமுகம் வரை ஓடி ஐந்து தடவையும் வெறுங்கையோடு வந்தவர், நேற்றுவரைக்கும் இங்கேதான் இருந்தது என்று ஒவ்வொரு தடவையும் யாராவது சொல்வார்கள். நான் கம்பத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. அது ஒரு பக்கத்து இறக்கையையும் காலையும் சேர்த்து நீட்டிச் சோம்பல் முறித்தது, வாலைத் தூக்கியது, ரோட்டோரம் வரைக்கும் பீச்சி அடித்தது. பறவை எச்சம் போட்டதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னது உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

போன் போடவா வேண்டாமா என்று ஒரு நிமிடம் நின்றேன், பொய் சொல்லமாட்டேன். ஆர்வோவின் முகமும் தபால் பெட்டியும் கண் முன்னால் வந்தது. அவர்கள் வருவதற்குள் அது பறந்துவிட்டால் நான் செத்தேன். ஆனால் போடாமல் விட்டால் உன் அப்பாவுக்கு ஆறாவது தடவையும் போய்விடும். கையுறையைக் கழற்றிவிட்டு அழுத்தினேன். "ரெய்னோ, அஞ்சாம் பகுதி, கிழக்கு ஓர ரோடு, வெள்ளை வல்லூறு, கம்பத்துல" என்றேன். அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. அப்புறம் கார்க் கதவு சாத்துகிற சத்தம், போன் கட். குளிரில் என் போனும் அத்தோடு உயிரை விட்டது, அதனால் படம் எடுக்கவும் வழியில்லை. கோபத்தில் வைத்துவிட்டார் என்றே நினைத்தேன். டார்லீனைக் கூவிக் கூப்பிட்டேன், காட்டுக்குள்ளிருந்து, "இப்ப முடியாது சைமா, பாதி கழட்டிட்டேன்!" என்று குரல் வந்தது. அந்த நேரம் பார்த்து வல்லூறு கம்பத்தை விட்டு எழுந்து, என் தலைக்கு நேர் மேலே ரோட்டைத் தாண்டி, கிழக்குப் பக்கம் பட்டுப்போன மரத்து நுனியில் போய் உட்கார்ந்தது. டார்லீன் தோள்வார் தொங்கத் தொங்க ஓடிவந்து பார்த்தபோது அது கிழக்கே இருந்தது.

உனக்கு இந்நேரம் புரிந்திருக்கும். நம் வட்டத்தின் எல்லை அந்த ரோட்டின் நடுவில்தான் போகிறது. மேற்கே உட்கார்ந்தால் நம் பறவை, கிழக்கே உட்கார்ந்தால் நம் பறவை இல்லை, என்ன அழகாக இருந்தாலும் பட்டியலில் ஏறாது. இருபது நிமிடத்தில் உன் அப்பா வந்தார், தொப்பி கூடப் போடாமல், பக்கத்தில் அவருடைய முதல் பகுதிக் கூட்டாளி ஆர்வோ. இறங்கி டெலஸ்கோப்பைக்கூட நிமிர்த்தவில்லை, வெறுங்கண்ணாலேயே பார்த்தார். "வெள்ளை" என்றார், அவ்வளவுதான். இமையில் கண்ணீர் உறைந்து நின்றது, அதைத் துடைக்கவும் தெரியவில்லை அவருக்கு. ஆர்வோ என்னை அப்படியே தூக்கிச் சுற்றினான், டார்லீன் நடுரோட்டில் போல்கா ஆடினாள், மற்ற வண்டிகளும் வந்து சேர்ந்து கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. அப்புறம் ஆர்வோதான், "ஏய், இது கிழக்கால இல்ல உக்காந்திருக்கு?" என்றான். எல்லோரும் காலடியில் ரோட்டைப் பார்த்தார்கள். நான் பார்த்தபோது மேற்கே இருந்தது, அந்தக் கம்பத்தில் என்று கையைக் காட்டினேன். உன் அப்பா, "கூட யாரு பாத்தா?" என்று கேட்டார். யாரும் இல்லை என்றேன். டார்லீன், "நானும் பாத்தேன்னு போட்டுக்க ரெய்னோ, என்ன இப்போ" என்றாள். வேண்டாம் டார்லீன், நீ பார்த்தது ஸ்ப்ரூஸ் மரத்தையும் உன் பூட்ஸையும்தான் என்றேன். சிரிப்பு அடங்கச் சிறிது நேரம் ஆயிற்று, ஆனால் எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு வரவில்லை.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம் பதினான்கு பெரிய மனிதர்கள் ரோட்டில் வரிசையாக நின்று ஒரு பறவையைக் கெஞ்சினோம், கைசா. முப்பது அடி, அவ்வளவுதான் வேண்டியது. ஆர்வோ, "மகராசி, இந்தக் கம்பம் உனக்குப் பிடிச்ச கம்பம் இல்லியா, வாடி" என்றான். டார்லீன் பேஸ்டியைக் காட்டினாள். ஒருவர் கிழக்கே சுற்றிப் போய்க் கை தட்டினால் இந்தப் பக்கம் வருமே என்றார், உன் அப்பா பார்த்த பார்வையில் அவர் வாயை மூடிக்கொண்டார், பறவையைத் துரத்துவது அவரிடம் கொலைக்குச் சமம். கடைசியில் பனி தள்ளும் லாரி வந்தது. டிரைவர் கண்ணாடியை இறக்கி, "யாராச்சும் போயிட்டாங்களா?" என்று தொப்பியைக் கழற்றிக் கேட்டார். லாரி நகர்ந்த சத்தத்தில் வல்லூறு எழும்பியது. பதினான்கு பேரும் ஒரே மூச்சாக "மேற்கே!" என்று கத்தினோம். அது நிதானமாகக் கிழக்கே போய், இன்னும் கிழக்கே போய், புள்ளியாகி மறைந்தது. உன் அப்பா எல்லோரையும் அவரவர் பகுதிக்கு விரட்டினார், பொழுது சாய நான்கு மணிதானே.

ஐந்தரைக்கு லூத்தரன் கோவில் அடித்தளக் கூடத்தில் விருந்து. சூட்டடுப்பில் சுட்ட உருளைக்கிழங்கு ஹாட்டிஷ் நான்கு தினுசு, மான் இறைச்சி சில்லி, என் ஏலக்காய் புல்லா ரொட்டி. எல்லோரும் தட்டோடு உட்கார, உன் அப்பா பட்டியலைப் பறவை பறவையாகப் படிக்க, ஒவ்வொரு பகுதியும் எண்ணைச் சொல்ல, அவர் பென்சிலால் எழுத, வழக்கம்போல நடந்தது. வாத்து போயிற்று, ஆந்தை போயிற்று, அப்போது நாலு பேர் என்னைப் பார்த்து இருமினார்கள், மரங்கொத்தி போயிற்று. வல்லூறு வந்ததும் நிறுத்தினார்.  "அஞ்சாம் பகுதி" என்றார். நான் எழுந்து நின்று, ஒன்று, கம்பத்தில், ரோட்டுக்கு மேற்கே, தனியாகப் பார்த்தேன் என்றேன்.  அவர் பென்சிலைப் பார்த்தார், அப்புறம் அதை ஆர்வோவிடம் நீட்டி, "இவ என் பொண்டாட்டி. நான் எழுதினா ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பயந்து எழுதினேம்பீங்க. நீ கேட்டு நீயே முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டுத் தள்ளிப் போய்க் காபிப் பாத்திரத்துப் பக்கத்தில் நின்றார். என் தலையெழுத்து கடைசியில் தபால் பெட்டியில் பை கட்டியவன் கையிலா என்று இருந்தது. ஆர்வோ தொண்டையைச் செருமினான். "சைமா, காத்தடிச்சப்ப உப்புச்சா?" என்றான். இல்லை, கம்பத்து மேல் உட்கார்ந்து ரோடு வரைக்கும் கழிந்தது, எந்தக் கடைப் பை அப்படிச் செய்யும், நீயே சொல் என்றேன். கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரிச் சிரிப்பு. ஆனால் ஆர்வோ சிரிக்கவில்லை, "ஒன்று" என்று எழுதி, கீழே என் பேரையும் எழுதி, "டார்லீன் பாத்தேன்னு சொன்னப்ப வேணாம்னவ, இதுல பொய் சொல்ல மாட்டா" என்று பென்சிலைத் திருப்பிக் கொடுத்தான். நான் உட்கார்ந்தேன்.

கதை இத்தோடு முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். ஹாட்டிஷ் இரண்டாம் தட்டு எடுத்தேன். ஜே, காக்கை, சிக்கடி எல்லாம் போய்ப் பட்டியலின் வால் பக்கம், செந்நெற்றிக் குருவி வந்தது. "முதல் பகுதி" என்றார் உன் அப்பா. அவர் படிக்கிறவர் என்பதால் அவர் நோட்டைப் பார்த்து ஆர்வோதான் சொல்லவேண்டும். ஆர்வோ, "முப்பத்தேழு" என்று நிறுத்தி, நோட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், "கூட்டல்" என்றான். என்னது என்று நாலு பக்கமிருந்தும் கேட்டார்கள். எண்ணி முடிக்காமல் விட்டவர்கள்தான் எண்ணுக்குப் பின்னால் கூட்டல் குறி போடுவார்கள், அப்படி யாராவது கொண்டுவந்தால் உன் அப்பா, இது பறவையா பள்ளிக்கூடக் கணக்கா என்று திருப்பி அனுப்பிவிடுவார், நாற்பத்தொரு வருடப் பட்டியலில் ஒரு கூட்டல் குறி கிடையாது. ஆர்வோ எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னான். "பிர்ச் மரம் பூரா குருவி, எரநூறு இருக்கும். மனுஷன் எண்ணிக்கிட்டிருக்காரு. முப்பத்தேழுங்குறாரு, போன் அடிக்குது. காதுல வெச்சவரு ஒரு வார்த்தை பேசல, நோட்டை என் கையில திணிச்சுட்டு வண்டியில ஏறிட்டாரு. ரெய்னோ, குருவி மிச்சம் இருக்கேன்னேன். 'சைமா பாத்திருக்கா, ஏறு'ன்னாரு." உன் அப்பா யாரையும் பார்க்கவில்லை, காது மட்டும் சிவந்திருந்தது. நிச்சயமா என்றுகூடக் கேட்கவில்லை, கைசா! குனிந்து, முப்பத்தேழு என்று எழுதி, பக்கத்தில் ஒரு கூட்டல் குறியைப் பெரிதாகப் போட்டார். நான் ஹாட்டிஷ் தட்டுக்குள்ளேயே அழுதேன், சிரித்தேன், இரண்டும் சேர்ந்து வந்தது, டார்லீன் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

காகிதம் முடியப் போகிறது. நீங்கள் இருவரும் உடம்புக்கும் மனதுக்கும் ஒரு குறையும் இல்லாமல், புது வருடத்தில் நினைத்தது கைகூடி, சிரித்த முகமாக இருக்க வேண்டும் என்று நாங்கள் இருவரும் மனதார வாழ்த்துகிறோம். ஜனவரி பதினொன்று உன் அப்பாவின் பிறந்தநாள், நீயே கூப்பிடு, டேனிடம் விட்டுவிடாதே. அவரிடம் வல்லூறைப் பற்றிக் கேள், ஒரு மணி நேரம் பேசுவார். குருவியைப் பற்றி மட்டும் கேட்காதே, போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் பனி அள்ளப் போய்விடுவார்.

ஆயிரம் முத்தங்களுடன்,
உன் அம்மா சைமா